உப்பு மூட்டை சுமந்த லம்பாணிகள்

ஊர் ஊராகச் சுற்றிய மக்கள் சொந்த ஊர் பெற்ற கதை

பெங்களூரில் புதுக் கட்டிடம் எழும்பும் இடங்களில் தகரக் கொட்டகை போட்டு வேலையாட்கள் தங்கி இருப்பார்கள். அங்கே செங்கல் சுமக்கும் பெண்களில் சிலர் தனியாகத் தெரிவார்கள். கண்ணாடிச் சில்லு பதித்த சிவப்புப் பாவாடை, காதோரம் தொங்கும் வெள்ளிக் குஞ்சம், முழங்கைக்கு மேலே அடுக்கடுக்காக வெள்ளை வளையல்கள்.

வயதான பெண்களிடம்தான் இந்த உடையை முழுதாகப் பார்க்க முடியும். இளம் பெண்கள் சேலைக்கும் சுடிதாருக்கும் மாறிவிட்டார்கள்.

இவர்கள்தான் லம்பாணிகள். ஆந்திராவிலும் தெலுங்கானாவிலும் லம்பாடி, சுகாலி என்று அழைக்கிறார்கள். மராட்டியத்திலும் வட மாநிலங்களிலும் பஞ்சாரா. பெயர் வேறு வேறாக இருந்தாலும் மக்கள் ஒன்றுதான். அவர்கள் தங்களை ‘கோர்’ என்று சொல்லிக் கொள்கிறார்கள்.

தலை வாராமல் இருக்கும் பெண்ணை ‘லம்பாடி மாதிரி’ என்று ஏசுவது நம் வீடுகளில் உண்டு. அது ஒரு சமூகத்தின் பெயர் என்பதே ஏசுகிறவர்களில் பலருக்குத் தெரியாது.

அந்தச் சமூகம் ஒரு காலத்தில் இந்த நாட்டுக்கே உப்பும் தானியமும் சுமந்து போட்டது. ரெயிலும் லாரியும் இல்லாத நாளில் நாட்டின் சரக்கு ரெயில் அவர்கள்தான். அப்படிப்பட்டவர்கள் சுமார் 150 ஆண்டுகளாக ஒரே ஒரு பொருளைத் தேடி அலைந்தார்கள். அது பணமோ நகையோ அல்ல. ஒரு முகவரி!

14 ஆயிரம் மாடுகள்

‘லவண்’ என்றால் உப்பு. அதிலிருந்துதான் லம்பாணி என்ற பெயர் வந்தது என்பார்கள். வணிகம் என்ற பொருள் தரும் சொல்லில் இருந்து பஞ்சாரா வந்தது என்றும் சொல்வார்கள். இரண்டு பெயருமே தொழிலைச் சொல்லும் பெயர்கள்தான்.

இவர்களுடைய முன்னோர் ராஜஸ்தான் பகுதியைச் சேர்ந்தவர்கள். வண்டி கட்டி ஓட்டியவர்கள் அல்ல. மாட்டின் முதுகிலேயே இரண்டு பக்கமும் தொங்கும்படி சாக்குப் பை போட்டு, அதில் உப்பும் நெல்லும் கோதுமையும் பருப்பும் ஏற்றிச் செல்வார்கள். வண்டிப் பாதை இல்லாத மலைக்கும் காட்டுக்கும் அந்த மாடுகள் போகும்.

இப்படி மாடுகளோடும் பெண்டு பிள்ளைகளோடும் சேர்ந்து நகரும் கூட்டத்துக்குத்தான் ‘தாண்டா’ என்று பெயர்.

1632-ம் ஆண்டு பீட்டர் மண்டி என்ற ஆங்கில வணிகர் வட இந்தியாவில் பயணம் செய்தபோது வழியில் ஒரு தாண்டாவைச் சந்தித்தார். அதில் 14 ஆயிரம் மாடுகள் இருந்தன என்றும், எல்லா மாடுகளும் கோதுமை, அரிசி போன்ற தானியங்களைச் சுமந்து சென்றன என்றும் அவர் எழுதி வைத்திருக்கிறார்.

ஒரு மாடு 100 கிலோவுக்கு மேல் சுமக்கும். அப்படியானால் அந்த ஒரு தாண்டாவில் மட்டும் 1,400 டன்னுக்கு மேல் சரக்கு. இன்றைய சரக்கு ரெயிலில் ஒரு மூடு வாகன் 60 டன்னுக்கு மேல் ஏற்றும். அந்தக் கணக்குப்படி பார்த்தால் 20-க்கும் மேற்பட்ட வாகன்களின் சரக்கை மாடுகளே சுமந்திருக்கின்றன.

வேகம்தான் குறைவு. நாள் ஒன்றுக்கு 6 அல்லது 7 மைல்தான் நடப்பார்கள். மாடுகள் வழியில் மேய வேண்டும் அல்லவா? மேய்ச்சலுக்குச் செலவு கிடையாது என்பதால்தான் கூலியும் மலிவாக இருந்தது. மாடு நடக்கும் பாதையே அதற்குத் தீவனம்.

முன்னால் போகும் மாட்டுக்குத் தனி மரியாதை. ‘ஹதாடியா’ என்ற அந்தக் காளை மீது மூட்டை ஏற்றமாட்டார்கள். பட்டும் சோழியும் மணியும் கட்டி அலங்கரித்து அதைக் கும்பிடுவார்கள்.

போகும் வழியில் தங்கும் இடங்களில் கிணறும் குளமும் வெட்டி வைத்தார்கள். மத்தியபிரதேச மாநிலம் சாகர் நகரில் உள்ள பெரிய ஏரி இன்றும் லாக்கா பஞ்சாரா ஏரி என்றே அழைக்கப்படுகிறது.

போர்க்களத்துக்கு அரிசி

அலாவுதீன் கில்ஜி காலத்திலேயே டெல்லி சந்தைக்குத் தானியம் கொண்டு வந்தவர்கள் பஞ்சாராக்கள். முகலாய மன்னர் ஜஹாங்கீர் தமது நினைவுக் குறிப்பில் இவர்களைப் பற்றி எழுதி இருக்கிறார். முகலாயப் படைகள் போருக்குப் புறப்பட்டால் பின்னால் தானிய மூட்டைகளோடு தாண்டாக்கள் நடக்கும்.

டெல்லியில் நாடாளுமன்றத்துக்கு அருகே ரகாப்கஞ்ச் குருத்துவாரா இருக்கிறது. அந்த இடத்துக்கு ஒரு கதை உண்டு. 1675-ம் ஆண்டு சீக்கியர்களின் 9-வது குரு தேக் பகதூர் டெல்லியில் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். உடலைத் தொடவே மற்றவர்கள் அஞ்சியபோது, லக்கி ஷா பஞ்சாரா என்ற வணிகர் தமது சரக்கு வண்டியில் அந்த உடலை மறைத்துக் கொண்டு வந்தார். வெளியே தெரியாமல் தகனம் செய்ய வேண்டும் என்பதற்காகத் தமது வீட்டுக்குள்ளேயே சிதை அமைத்து, வீட்டோடு சேர்த்துத் தீ வைத்தார். வீடு இருந்த இடம்தான் இன்றைய குருத்துவாரா.

கர்நாடகத்திலும் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கி ஆங்கிலேயப் படைகள் 1791, 1792-ம் ஆண்டுகளிலும் பிறகு 1799-லும் நகர்ந்தபோது, அரிசிக்குப் பெரிதும் நம்பி இருந்தது இந்தத் தாண்டாக்களைத்தான். படையில் எத்தனை பீரங்கி இருந்தாலும் பின்னால் தாண்டா வராவிட்டால் முன்னேற முடியாது. யார் பக்கம் வெற்றி என்பதைப் பற்றி அவர்கள் கவலைப்பட்டதில்லை. இரண்டு பக்கத்துக்கும் தானியம் விற்றார்கள்.

ரெயில் வந்தது

1853-ம் ஆண்டு ஏப்ரல் 16-ந் தேதி பம்பாயில் இருந்து தானாவுக்கு முதல் பயணிகள் ரெயில் ஓடியது. 1856-ம் ஆண்டு ராயபுரத்தில் இருந்து ஆற்காடு பக்கம் ரெயில் விட்டார்கள். 1864-ம் ஆண்டு ஜோலார்பேட்டையில் இருந்து பெங்களூர் கண்டோன்மெண்டுக்கு ரெயில் வந்து சேர்ந்தது.

ஜோலார்பேட்டைக்கும் கண்டோன்மெண்டுக்கும் இடையே சுமார் 140 கிலோ மீட்டர் தூரம். தாண்டா நடந்தால் இரண்டு வாரம். ரெயிலுக்குச் சில மணி நேரம் போதும். மாடு எப்படிப் போட்டி போடும்?

ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிடவில்லை. ரெயில் பாதை போடாத ஊர்களுக்கு இன்னும் சில காலம் மாடுகள் நடந்தன. பிறகு அங்கேயும் சாலை போட்டார்கள். மாட்டு வண்டிகள் ஓடின.

மிச்சம் இருந்தது உப்பு. அதற்கும் அரசாங்கம் வரி மேல் வரி போட்டது. 1882-ம் ஆண்டு வந்த உப்புச் சட்டம், உப்பு எடுப்பதையும் விற்பதையும் அரசாங்கத்தின் பிடிக்குள் கொண்டு வந்தது. பெயரிலேயே உப்பைச் சுமந்த மக்களிடம் உப்பு இல்லாமல் போனது.

மாடுகளை விற்றார்கள். சிலர் மாடு வளர்த்து விவசாயிகளுக்கு விற்கும் தொழிலுக்குப் போனார்கள். சிலர் காட்டில் விறகு வெட்டினார்கள். சிலர் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தார்கள். தாண்டாக்கள் அங்கங்கே நின்றுவிட்டன. நகரும் கூட்டத்துக்கு இருந்த பெயரே நின்ற இடத்தில் குடியிருப்பின் பெயராகிவிட்டது.

குற்றப் பரம்பரை முத்திரை

தொழில் போன அதே காலத்தில் இன்னொரு இடி விழுந்தது. 1871-ம் ஆண்டு ஆங்கிலேய அரசாங்கம் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டு வந்தது. முதலில் வட இந்தியாவில் அமலான சட்டம், 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது.

ஒரு சாதியையே பிறவிக் குற்றவாளி என்று பட்டியலில் சேர்க்கலாம் என்பதுதான் அந்தச் சட்டம். பட்டியலில் சேர்ந்தவர்கள் போலீசில் பதிவு செய்துகொள்ள வேண்டும். கைரேகை வைக்க வேண்டும். குறித்த நேரத்தில் ஆஜராக வேண்டும். சீட்டு வாங்காமல் ஊரை விட்டுப் போகக் கூடாது. பல பகுதிகளில் லம்பாணிகளும் இந்தப் பட்டியலில் ஏறினார்கள்.

ஊர் ஊராகப் போவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு ஊரைத் தாண்டுவதே குற்றமாகிவிட்டது.

தமிழர்களுக்கு இந்தச் சட்டம் புதியது அல்ல. மதுரைப் பக்கத்தில் அதைக் கைரேகைச் சட்டம் என்பார்கள். 1920-ம் ஆண்டு ஏப்ரல் 3-ந் தேதி, உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் இந்தச் சட்டத்தை எதிர்த்தவர்கள் மீது போலீசார் துப்பாக்கிச்சூடு நடத்தினர். ஒரு பெண் உள்பட பலர் பலியானார்கள்.

சுதந்திரம் கிடைத்து 5 ஆண்டுகளுக்குப் பிறகு, 1952-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி நாடு முழுவதும் அந்தச் சட்டம் ஒழிந்தது. அந்த நாளை இந்தச் சமூகங்கள் விடுதலை நாளாகக் கொண்டாடுகின்றன. ஆனால் சட்டம் போன பிறகும் சந்தேகப் பார்வை உடனே போய்விடவில்லை.

நாயக்கும் காரபாரியும்

தாண்டாவின் தலைவருக்கு நாயக் என்று பெயர். அவருக்கு உதவியாக இருப்பவர் காரபாரி. தாண்டாவுக்குள் சண்டை வந்தாலும், கல்யாணப் பேச்சு நடந்தாலும், முதலில் போவது நாயக் வீட்டுக்குத்தான். அந்தக் காலத்தில் எந்த வழியில் போவது, எங்கே தங்குவது, எந்தச் சந்தையில் விற்பது என்பதை எல்லாம் முடிவு செய்தவர் நாயக்.

ராத்தோடு, பவார், சவான், ஜாதவ் என்பவை இவர்களுடைய பெரிய குலப் பெயர்கள். ஒரே குலத்துக்குள் பெண் எடுக்கமாட்டார்கள். கட்டிட வேலை நடக்கும் இடத்தில் ஆள் பதிவேட்டைப் புரட்டினால் இந்தப் பெயர்கள் வரிசையாக வரும்.

இவர்களுடைய பேச்சு கோர்போலி. ராஜஸ்தானி மொழிகளோடு உறவுள்ளது. தாயை ‘யாடி’ என்று அழைப்பார்கள். இந்த மொழிக்கு என்று தனி எழுத்து வழங்கவில்லை. கர்நாடகத்தில் கன்னட எழுத்திலும், ஆந்திராவில் தெலுங்கு எழுத்திலும், மராட்டியத்தில் தேவநாகரியிலும் எழுதுகிறார்கள். எழுத்து மூன்றாக இருந்தாலும், பீஜப்பூர்க்காரரும் நாந்தேடுக்காரரும் சந்தித்தால் பேசிக்கொள்ள முடியும்.

வீட்டில் கோர்போலி, கடையில் கன்னடம் அல்லது தெலுங்கு, வேலைக்குப் போன இடத்தில் இந்தி அல்லது மராட்டி என்று மூன்று நான்கு மொழி பேசுகிறவர்கள் தாண்டாக்களில் சாதாரணம். பிழைக்க வந்த இடத்தின் மொழியைக் கற்றுக்கொள்ளும் பாடு பெங்களூர்த் தமிழர்களுக்குத் தெரியாதது அல்ல.

முளைப்பாரியும் மாரியம்மாவும்

மழைக்காலத்தில் வரும் ‘தீஜ்’ இவர்களுக்குப் பெரிய பண்டிகை. கல்யாணமாகாத பெண்கள் சிறு கூடைகளில் மண்ணும் உரமும் போட்டுக் கோதுமையை விதைப்பார்கள். தினமும் தண்ணீர் ஊற்றி, சுற்றி நின்று பாடி ஆடுவார்கள். ஒன்பது பத்து நாளில் முளை வளர்ந்ததும் ஊர்வலமாக எடுத்துச் சென்று நீரில் விடுவார்கள். நம் ஊர் முளைப்பாரியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியது இல்லை.

தீபாவளியில் ‘மேரா’ என்று ஒரு வழக்கம். அமாவாசை இரவில் கன்னிப் பெண்கள் விளக்கை ஏந்திக்கொண்டு முதலில் நாயக் வீட்டுக்குச் சென்று, பிறகு வீடு வீடாகப் போய் வாழ்த்துப் பாடுவார்கள்.

கல்யாணத்தில் மணப்பெண்ணைக் காளை மாட்டின் மேல் ஏற்றி நிறுத்துவது பழைய வழக்கம். பிறந்த வீட்டை விட்டுப் பிரியும்போது அவள் அழுதுகொண்டே பாட வேண்டும். அந்தப் பாட்டுக்கு ‘டாவ்லோ’ என்று பெயர். வயதான பெண்கள் அதைச் சொல்லிக் கொடுப்பார்கள்.

சாமிகளில் துளஜா பவானியும் பாலாஜியும் உண்டு. எல்லோருக்கும் முன்னால் நிற்பது மாரியம்மா.

இவர்களுடைய ஞானகுரு சேவாலால் மகராஜ். 1739-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி பிறந்தவர் என்று கொண்டாடுகிறார்கள். மாடுகளோடு நடந்த பீமா நாயக்கின் மகன் அவர். ‘உன் மகனை எனக்குப் பக்தனாகக் கொடு’ என்று மாரியம்மா கேட்டாள் என்றும், தந்தை மறுத்ததால் தாண்டாவின் மாடுகள் ஒவ்வொன்றாகச் செத்து விழுந்தன என்றும், கடைசியில் சேவாலாலே முன்வந்து தேவியை ஏற்றுக்கொண்டார் என்றும் கதை சொல்கிறார்கள். மாடு செத்தால் தாண்டாவே செத்த மாதிரி என்று இருந்த மக்களின் கதை அது.

கர்நாடக மாநிலம் தாவணகெரே மாவட்டத்தில் உள்ள சூரகொண்டனகொப்பாதான் அவர் பிறந்த இடம் என்று கர்நாடக லம்பாணிகள் நம்புகிறார்கள். நம் ஊர் அய்யப்ப பக்தர்களைப் போல மாலை போட்டு விரதம் இருந்து, பிப்ரவரி மாதத்தில் அங்கே நடந்தே செல்கிறவர்கள் உண்டு. அவருடைய சமாதி மராட்டிய மாநிலம் வாஷிம் மாவட்டம் போஹராதேவியில் இருக்கிறது. அது அவர்களுக்குக் காசி.

கரும்பு வெட்டும் ஜோடி

பண்டிகைக்கு ஊரில் இருப்பவர்கள், பண்டிகை முடிந்ததும் ஊரில் இருக்கமாட்டார்கள். மழையை நம்பிய மேட்டு நிலம்தான் பல தாண்டாக்களைச் சுற்றி இருக்கிறது. ஒரு போகம் முடிந்தால் வேலை இல்லை.

வட கர்நாடகத்தில் இருந்தும் மராட்டியத்தின் மரத்வாடா பகுதியில் இருந்தும் ஏராளமானவர்கள் கரும்பு வெட்டப் போகிறார்கள். பஞ்சாராக்களோடு மற்றச் சமூகத்தினரும் போகிறார்கள். தீபாவளியை ஒட்டிப் புறப்பட்டால் திரும்பி வர மார்ச், ஏப்ரல் ஆகிவிடும்.

இந்தத் தொழிலில் கணவனும் மனைவியும் சேர்ந்தால்தான் ஒரு கணக்கு. அதற்குக் ‘கொய்தா’ என்று பெயர். கொய்தா என்றால் அரிவாள். இரண்டு பேருக்குச் சேர்த்து ஒரு அரிவாள் கணக்கு! மேஸ்திரி முன்பணம் கொடுத்துவிடுவார். அதை ‘உச்சல்’ என்பார்கள். வெட்டிய டன்னுக்கு இவ்வளவு என்று கூலியைக் கணக்கிட்டு முன்பணத்தில் கழிப்பார்கள். உடம்புக்கு முடியாமல் ஒரு நாள் படுத்துவிட்டால் அந்த நாளுக்குப் பிடித்தம். பருவம் முடியும்போது கடன் தீராவிட்டால் அடுத்த ஆண்டும் அதே மேஸ்திரியிடம்தான் போக வேண்டும்.

2019-ம் ஆண்டு பீடு மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் பலர் இளம் வயதிலேயே கருப்பையை அகற்றும் ஆபரேஷன் செய்துகொண்டது தெரிய வந்து நாடே அதிர்ச்சி அடைந்தது. மராட்டிய அரசு குழு அமைத்து விசாரித்தது. மாதவிலக்கு நாளில் ஓய்வு எடுத்தால் கூலி போய்விடும் என்ற பயமும் அதற்கு ஒரு காரணம் என்பது வெளியானது.

குழந்தைகளின் நிலை இன்னும் பரிதாபம். பெற்றோருடன் போனால் பள்ளிக்கூடம் போய்விடும். போகாவிட்டால் ஆறு மாதம் பாட்டியோடு இருக்க வேண்டும்.

கரும்புக்குப் போகாதவர்கள் பெங்களூர், புனே, மும்பை என்று கட்டிட வேலைக்கும் சாலை வேலைக்கும் போகிறார்கள். கலபுரகி, யாத்கிர், ராய்ச்சூர், விஜயபுரா மாவட்டத்துத் தாண்டாக்களில் இருந்து வந்தவர்கள்தான் பெங்களூரில் அதிகம். கோவாவின் கடற்கரைகளில் பாசிமணியும் தையல் பைகளும் விற்கும் பெண்களிலும் லம்பாணிகள் உண்டு.

ஊசி தந்த மரியாதை

பெண்களின் பாவாடைக்குப் ‘பேட்டியா’ என்றும் ரவிக்கைக்குக் ‘காஞ்சலி’ என்றும் பெயர். கண்ணாடி, சோழி, காசு, பாசிமணி எல்லாம் வைத்துக் கையாலேயே தைப்பார்கள். தாண்டா நடந்த காலத்தில் தங்கும் இடங்களில் உட்கார்ந்து தைத்த தையல் அது. வளையல்கள் முன்பு தந்தத்திலும் எலும்பிலும் செய்தவை. இப்போது பிளாஸ்டிக்.

கர்நாடகத்தில் பல்லாரி மாவட்டத்து சண்டூர், இரும்புத் தாதுச் சுரங்கங்களுக்குப் பெயர் போன ஊர். அங்குள்ள லம்பாணிப் பெண்களின் தையலில் 14 வகைத் தையல்கள் உண்டு. சண்டூர் குஷல கலா கேந்திரம் என்ற அமைப்பு இந்தப் பெண்களைச் சேர்த்து, அவர்கள் தைத்ததை விற்றுக் கொடுக்கிறது. இந்தத் தையலுக்கு 2010-ம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது.

2023-ம் ஆண்டு ஜூலையில் ஹம்பியில் ஜி-20 நாடுகளின் கலாசாரக் குழுக் கூட்டம் நடந்தபோது, 450-க்கும் மேற்பட்ட லம்பாணிப் பெண்கள் தைத்த 1,755 துணிகளைக் காட்சிக்கு வைத்தார்கள். அது கின்னஸ் சாதனை ஆனது.

தமிழ்நாட்டிலும் லம்பாடிகள் உண்டு. தர்மபுரி மாவட்டம் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் அவர்களுடைய தையல் கிட்டத்தட்ட மறந்தே போய்விட்டது. தையல் தெரிந்த வயதான பெண்கள் ஒன்றிரண்டு பேரே மிஞ்சி இருந்தார்கள். அவர்களிடம் கற்றுக்கொண்டு மற்றப் பெண்கள் மறுபடியும் ஊசியை எடுத்தார்கள். ‘போர்கை’ என்ற பெயரில் இன்று அவர்களுடைய துணிகள் வெளியூர்களுக்குப் போகின்றன. போர்கை என்றால் லம்பாடி மொழியில் பெருமை என்று அர்த்தம்.

ஏசுவதற்குப் பயன்பட்ட பெயருக்குரியவர்கள், தங்கள் துணிக்கு வைத்துக்கொண்ட பெயர் அது!

முதல்-மந்திரி ஆன தாண்டா பையன்

பஞ்சாரா சமூகத்தில் பிறந்து மராட்டிய முதல்-மந்திரி ஆனவர் வசந்தராவ் நாயக். யவத்மால் மாவட்டம் கஹூலி கிராமத்தில் 1913-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி பிறந்தவர். 1963 முதல் 1975 வரை 11 ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பதவியில் இருந்தார். 1972-ம் ஆண்டுப் பஞ்சத்தின்போது வேலை உறுதித் திட்டம் அவருடைய ஆட்சியில்தான் விரிவானது. அவருடைய பிறந்த நாளை மராட்டியம் விவசாய தினமாகக் கொண்டாடுகிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த சுதாகர்ராவ் நாயக்கும் 1991 முதல் 1993 வரை முதல்-மந்திரியாக இருந்தார்.

ஒருவர் கோட்டைக்குப் போனார் என்பதால் எல்லாத் தாண்டாவுக்கும் விளக்கு எரிந்துவிடாது. சலுகையில் கூட மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசம். கர்நாடகத்தில் இவர்கள் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். ஆந்திராவிலும் தெலுங்கானாவிலும் பழங்குடியினர். மராட்டியத்தில் ‘விமுக்த ஜாதி’ என்ற தனிப் பிரிவு. அக்காளைத் தெலுங்கானாவிலும் தங்கையை மராட்டியத்திலும் கட்டிக் கொடுத்தால், இரண்டு பேரின் பிள்ளைகளுக்கும் வேறு வேறு சான்றிதழ்!

2008-ம் ஆண்டு அறிக்கை கொடுத்த ரெங்கே கமிஷனும், 2015-ல் அமைத்த இதாதே கமிஷனும் நாடோடிச் சமூகங்களின் குறைகளைப் பற்றி விரிவாகச் சொல்லி இருக்கின்றன. நாடோடி மக்களில் ஏராளமானவர்களிடம் அடையாளச் சீட்டும் வீட்டு மனையும் இல்லை என்பதுதான் முக்கியமான குறை.

முகவரி கிடைத்தது

தாண்டாக்கள் நின்ற இடம் பெரும்பாலும் அரசுப் புறம்போக்கு அல்லது பிறர் நிலம். ஊருக்கு வெளியே ஒன்றிரண்டு கிலோ மீட்டர் தள்ளி இருக்கும். வருவாய்த் துறைக் கணக்கில் அது ஒரு கிராமமே இல்லை. பக்கத்துக் கிராமத்தின் பெயரில்தான் எல்லாம் வரும். சாலை அந்தக் கிராமத்தோடு நின்றுவிடும். தண்ணீர்க் குழாயும் அங்கேயே நிற்கும். தாண்டாவில் மூன்று தலைமுறையாக வாழ்ந்தாலும் மனைக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் பாங்கியில் கடன் இல்லை. அவசரத்துக்கு யார் பணம் தருவார்? கரும்பு மேஸ்திரிதான்!

முன்பணம் வாங்கி ஆண்டுதோறும் ஊரை விட்டுப் போவதற்கு இது முக்கியமான காரணங்களில் ஒன்று.

கர்நாடகத்தில் 2009-ம் ஆண்டு தாண்டா அபிவிருத்திக் கழகம் ஏற்பட்டது. கணக்கில் சேராத குடியிருப்புகளில் வாழ்பவருக்கே மனை சொந்தம் என்ற சட்டத் திருத்தம் 2017-ல் வந்தது. தெலுங்கானாவில் 2018-ம் ஆண்டு, 500 பேருக்கு மேல் வாழும் தாண்டாக்களைத் தனிப் பஞ்சாயத்துகளாக ஆக்கினார்கள். நாயக்கின் இடத்தில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவர் வந்தார்.

2023-ம் ஆண்டு ஜனவரி 19-ந் தேதி கலபுரகி மாவட்டம் மல்கேடில் ஒரு விழா நடந்தது. ராஷ்டிரகூட மன்னர்களின் தலைநகராக இருந்த பழைய மான்யகேடம்தான் இந்த மல்கேடு. கலபுரகி, யாத்கிர், ராய்ச்சூர், பீதர், விஜயபுரா ஆகிய 5 மாவட்டங்களில் கணக்கில் இல்லாமல் இருந்த சுமார் 1,475 குடியிருப்புகள் வருவாய்க் கிராமங்களாக அறிவிக்கப்பட்டிருந்தன. அங்கு வாழ்ந்த 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குப் பிரதமர் மோடி மனை உரிமைப் பத்திரம் வழங்கினார். அவர்களில் பெரும்பாலோர் லம்பாணிகள்.

பத்திரம் கையில் இருந்தால் கடன் கேட்கலாம். வீடு கட்ட மனுக் கொடுக்கலாம். பஞ்சாயத்தில் குழாய் கேட்டுச் சண்டை போடலாம். ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் சொந்த ஊர்ப் பெயர் வரும். வெளியூரில் வேலை செய்பவனுக்கு இதன் அருமை தெரியும். ஊரில் ஒரு வீடும், அந்த வீட்டுக்கு ஒரு கதவு எண்ணும் இருக்கிறது என்ற தைரியத்தில்தானே எங்கே வேண்டுமானாலும் பிழைக்கப் போகிறோம்?

ஆனால் பத்திரம் சோறு போடாது. பத்திரம் வாங்கிய தாண்டாக்களில் இருந்தும் கரும்பு வெட்ட ஜோடி ஜோடியாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். மேட்டு நிலத்துக்குத் தண்ணீர், பெற்றோர் வெளியூர் போகும் மாதங்களில் பிள்ளைகள் தங்கிப் படிக்க விடுதி, ஊரிலேயே ஆறு மாத வேலை ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் முன்பணக் கட்டு அறும்.

மாடுகளோடு நடந்த காலத்தில் அவர்கள் தங்கள் சரக்கை, தங்கள் மாட்டில், தாங்கள் போட்ட விலைக்குக் கொண்டு போனார்கள். எங்கே தங்குவது என்பதை நாயக் முடிவு செய்தார். இன்றும் அவர்கள் ஊர் ஊராகப் போகிறார்கள். எங்கே போவது, எப்போது திரும்புவது என்பதை மேஸ்திரி முடிவு செய்கிறார். வித்தியாசம் அதுதான்.

தாண்டாவுக்கு இப்போது பெயர்ப் பலகை வந்துவிட்டது. அந்தப் பலகைக்குப் பின்னால் உள்ள வீடுகள் ஆண்டு முழுவதும் பூட்டாமல் இருக்கும் நாள் வர வேண்டும்.